மச்சானுக்கு ஓர் எதிராளி

என் மச்சானுக்கு அடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று நான் ஒரு மாசம் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்திருக்கிறேன். எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை. தேடச் சொன்னதே அவன்தான்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம், ஒரு காலத்தில் மீனுக்கு ஐஸ் வைத்த கட்டடத்தில் எங்கள் பொக்சிங் கழகம் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் மீன் மணம் போகாது. புதிதாக வருகிறவனுக்கு அடி விழ முன்பே கண் கலங்கிவிடும். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் அங்கே பெல்ட் சண்டை. கிழக்கில் எந்த ஊரில் இருந்தும் யாரும் வந்து சம்பியனோடு அடிக்கலாம். என் மச்சான், அதாவது மாமியின் ஒரே மகன், ஹெவிவெயிட் சம்பியன்.

பெல்டை அவன் ஒரு தரம் உண்மையாகவே அடித்து வென்றான். தோற்றவர் அதோடு கனடா போய்விட்டார். அடுத்த இரண்டு தரமும் மச்சானோடு அடிக்க ஒருவரும் பேர் கொடுக்கவில்லை. அவன் கிளவுஸ் போட்டு ரிங்கில் ஏறி, எதிர் மூலையில் இருந்த வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் வந்து கையைத் தூக்கிவிட்டார். சனம் கைதட்டியது. இறங்கி வந்தவனின் பெனியனில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பகலில் அவனுக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. அங்கே பென்ஷன் படிவத்தோடு வந்த ஒரு ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பிதானே சும்மா நிண்டு வெல்லுற ஆள்?” என்று கேட்டாராம். அன்றைக்குப் பின்னேரம் மச்சான் என்னிடம் வந்தான்.

“மச்சான், இன்னொருக்காச் சும்மா கையத் தூக்கினா, பெல்டக் குடுத்திட்டு இந்தப் பக்கமே வர மாட்டன். ஒரு ஆளப் பிடிச்சித் தா.”

“நான் எங்க போய்ப் பிடிக்கிற?”

“நீதானே செயலாளர்.”

கம்பஸ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தால் எல்லாக் கழகத்துக்கும் நீங்கள்தான் செயலாளர். லப்டொப் வைத்திருப்பது ஒரு குற்றம்.

எங்கள் பக்கத்தில் பொக்சிங் பழகுகிற பொடியன்கள் எல்லாம் ஈர்க்குக் குச்சி மாதிரி ஒல்லி. எண்பது கிலோவைத் தாண்டியவர்கள் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்களும் வங்கி மனேஜர்களும்தான். முதலில் ஒரு புரியாணிக் கடை மாஸ்டரைப் பார்த்தேன். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. விஷயத்தைச் சொன்னதும் அவர் அகப்பையைக் கீழே வைத்தார். “தம்பி, நான் கோழியக்கூட வேற ஆளைக் கொண்டுதான் அறுப்பிக்கிற.”

அடுத்தவன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் ஜிம்மில் வேலை செய்கிறவன். உடம்பைப் பார்த்தால் சிலை. பயிற்சிக்குக் கூட்டி வந்தேன். மச்சான் பூ வைப்பது போல மூக்கில் ஒன்று வைத்தான். சிலை உடனே போனை எடுத்து, கமராவில் தன் மூக்கைப் பார்த்தது. “முகத்தில அடிக்கிறேல்ல எண்டு ஒரு ரூல் போடுவமா, பிரதர்?”

கழகத் தலைவருக்கு வேறு யோசனை. அவருடைய சொந்தக்காரர் ஒருவர், முழங்கால் போனவர், ஒரு காலத்தில் அடித்தவராம். “ரெண்டு ரவுண்ட் நிண்டு குடுப்பார். பெல்ட் கல்லடியத் தாண்டாது.” மச்சான் கும்பிட்டு, வேண்டாம் என்றுவிட்டான். “அவருக்கு அடிக்கிறதவிடச் சும்மா நிக்கிறது மரியாதை” என்று வெளியே வந்து என்னிடம் சொன்னான்.

கடைசியில் ஆள் கிடைத்தது என் போனில். கம்பஸ் நண்பன் ஒருவன் அனுப்பிய வீடியோ. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஒருவன், இடது கைக்காரன், எதிரே நின்றவனைக் கயிற்றோடு சாத்தி வைத்து அடிக்கிறான். மச்சான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தான். திரும்பப் போட்டான். பிறகும் போட்டான். தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.

“எப்பிடி?” என்றேன்.

“இவன் என்னைக் கிழிப்பான்.” சிரித்தான். “இவன்தான். இவனைக் கூப்பிடு.”

கூப்பிட்டோம். வந்தான். சண்டைக்கு முதல் நாள் மத்தியானம், ஒரு பையோடு பஸ்ஸால் இறங்கினான். பெரிய உடம்பு, சின்னக் குரல். விடுதி பார்க்கலாம் என்று நான் சொல்ல, மாமி என்னை முறைத்தா. “நம்மளத் தேடி வந்த புள்ளையக் கொண்டுபோய் லாட்ஜில போடப் போறயா மனே? வெக்கமில்லையா உனக்கு?”

மச்சானுக்குக் கந்தோர். எனக்கு ரிங் கட்டுகிற வேலை, கந்தோர் முடிய அவனும் இரவு வரை அங்கேதான். இருவரும் வீட்டில் இல்லாத அந்த அரை நாளில்தான் எல்லாம் நடந்தது.

ஹெவிவெயிட் என்றால் தொண்ணூற்றிரண்டு கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் அடிக்க விடமாட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருகோணமலைக்காரன் தராசில் ஏறினான். தொண்ணூற்று மூன்றையும் தாண்டி முள் நின்றது.

“வரேக்குள்ள சரியா இருந்தனே” என்றான், அழுகிற குரலில்.

“நேத்து என்ன சாப்பிட்ட?” என்றேன்.

சொல்லத் தொடங்கினான். மத்தியானம் சோறு, வாவி நண்டுக் கறி, இறால், சுறா வறை. பின்னேரம் பால் ரொட்டி. இரவு பிட்டும் மீனும். அதற்கு மேல் ஒரு சட்டித் தயிர், இனிக்கப் பாணி ஊற்றி.

“வேணாம் எண்டு சொல்லியிருக்கலாமேடா!”

அவன் தலையைக் குனிந்தான். “வெளிக்கிடேக்க அம்மா சொன்னவ, மட்டக்களப்பில வாயில ஒண்டும் வைக்காத, பாயோட ஒட்ட வச்சிருவாங்கள் எண்டு. நான் வேணாம் எண்டு சொன்னா, அதை நம்பித்தான் சொல்லுறன் எண்டு மாமி நினைப்பாவெல்லோ. அதான் போடப் போடச் சாப்பிட்டனான்.”

வெளியூரில் எங்களைப் பற்றி இப்படி ஒரு பகிடி உண்டு. சாப்பாட்டில் மருந்து வைத்து, வந்தவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவோமாம், அவன் திரும்பி ஊருக்கே போகமாட்டானாம். அப்படி ஒரு மருந்து எங்களிடம் இருந்தால் நான் ஏன் சிங்கிளாக இருக்கிறேன்? ஆனால் இவன் அந்தப் பகிடிக்குப் பயந்தவன் இல்லை. பயந்தவன் என்று மாமி நினைத்து மனம் நோவாவே என்று பயந்தவன். இப்படி ஒருவனை எப்படித் திட்டுவது?

தலைவருக்கு முகம் எல்லாம் வெளிச்சம். “பத்து மணிக்கிடையில குறைக்காட்டி வோக்கோவர். சம்பியன் வந்து கையத் தூக்கிட்டுப் போகட்டும்.”

மச்சான் சுவரில் தொங்கிய மழைக்கோட்டுகள் இரண்டை எடுத்தான். ஒன்றை அவனிடம் எறிந்தான். மற்றதைத் தான் போட்டுக்கொண்டான்.

“வா, ஓடுவம்.”

“நீங்க ஏன் அண்ணா? உங்களுக்கு நிறை சரிதானே.”

“நீ மட்டும் ஓடிக் களைச்சுப் போனா, பின்னேரம் நான் ஆரோட அடிக்கிற? ஓடினா ரெண்டு பேரும் ஓடுவம்.”

கல்லடி வெயிலில், மழைக்கோட்டுக்குள், இரண்டு பெரிய உடம்புகள். கடற்கரை மணலில் ஓடினார்கள், ரோட்டில் ஏறினார்கள், பழைய பாலத்தைத் தாண்டித் திரும்பினார்கள். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எங்க மழை?” திருகோணமலைக்காரன் ஒரு இடத்தில் குந்திவிட்டான். மச்சான் அவனுடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். “எழும்புடா ராசா. நீ இல்லாட்டி நான் இண்டைக்கும் சும்மா நிக்கோணும்.” தலைமயிரை வழித்தால் நிறை குறையுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். “கம்பஸ் மூளை” என்றான் மச்சான், நிற்காமல்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன் மறுபடியும் தராசு. முள் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே ஒரு மயிரிழை நடுங்கிக்கொண்டு நின்றது. தலைவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பின்னேரம் நான்கு மணிக்கு எதிர் மூலை ஸ்டூலில் ஓர் ஆள் இருந்தான். மச்சான் ரிங்கில் ஏறி அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். கலியாண மாப்பிள்ளைகூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

முதல் ரவுண்டிலேயே மச்சானின் மூக்கால் இரத்தம். சத்தியமாக எனக்குச் சந்தோஷம். முன்வரிசையில் மாமி எழும்பிவிட்டா. “அடேய்! என்ட சோத்தத் திண்டுட்டு என்ட புள்ளைக்கா அடிக்காய்?” அவன் திடுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்ப, மச்சானின் வலது கை அவன் விலாவில் இறங்கியது. சனம் கூரை பறக்கக் கத்தியது. இரண்டாவது ரவுண்ட் மச்சானுக்கு. மூன்றாவதில் கட்டிப் பிடிப்பதும் விலகுவதும், விலகி அடிப்பதும், அடித்துவிட்டு விழாமல் இருக்க மறுபடி கட்டிப் பிடிப்பதுமாக மணி அடிக்கும்வரை நின்றார்கள்.

மூன்று மத்தியஸ்தரில் இருவர் திருகோணமலைக்காரனுக்குப் புள்ளி கொடுத்தார்கள். நடுவர் அவனுடைய கையைத் தூக்கினார்.

தலைவர் என்னிடம் வந்தார். “பார்த்தியா? நீ பிடிச்ச ஆளால பெல்ட் போகுது. இதுக்கா உன்னைச் செயலாளர் ஆக்கின நாங்க?” நான் மச்சானைத் தேடிப் போனேன். மச்சான் உள்ளே வாங்குப் பலகையில் குனிந்து இருந்தான். தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டான். பெல்ட் போனது போனதுதான், அவனுக்கு அது சும்மா சாமான் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவனிட்டப் போய்க் கேள்” என்றான். “அடுத்த முறை அவனுக்கு எதிரா ஆர் எண்டு. என்ட பேரக் குடு.”

புதுச் சம்பியன் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். பெல்ட் பைக்குள். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, நேரே நிற்கமுடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றான்.

“அண்ணனோடயா? வேற ஆள் ஒருத்தரும் இல்லையா?” என்றான். பிறகு, “சரி, அடிப்பம். ஆனா மூண்டு மாசம் தாங்கோ. இது ஆறட்டும். மூச்சு எடுக்கவே ஏலாமக் கிடக்கு” என்றான்.

உள்ளே வந்து அப்படியே சொன்னேன். மச்சான் மூக்கில் ஐஸ் கட்டியை அமத்தியபடி நிமிர்ந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

“மூண்டு மாசமாமா? அவ்வளவு நோகுதாமா?”

“மூச்சு எடுக்கவே ஏலாதாம்.”

“உண்மையாத்தான் சொன்னவனா?”

“ஓமடா. சாஞ்சிக்கிட்டுத்தான் நிக்கான்.”

ஐஸை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, விலாவில் இறங்கிய தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

“திரும்பச் சொல்லு” என்றான்.