அவளிடம் கேட்ட கேள்வி

என் மகளின் வாயை அடைத்தவன் நான்தான். அன்பினால் செய்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லப் போவதில்லை. பெருமைக்காகச் செய்தேன்.

தர்சினி பத்தாம் வகுப்பு முடிந்து எழுதும் சாதாரண தரச் சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். அடுத்து உயர்தர வகுப்பில் எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கப் பள்ளிக்கூட அதிபர் எங்களை அழைத்தார். என்னைப் பார்க்காமல் அவளைத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீர் என்ன படிக்க விரும்புறீர்?"

அவள் வாய் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இவள் பயோதான் செய்வாள், சேர். டொக்டராக்க வேணும்."

திறந்த வாயை அவள் மெல்ல மூடியதைக் கண்டேன். கண்டும்... அதிபரைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியாதா? தெரியும்! தொழில்நுட்பப் பிரிவில் பயிர்ச்செய்கை பற்றிய படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிக்கப்போகிறேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். மண் கிண்டவும் ஒரு படிப்பா என்று ஊர் சிரிக்குமே எனப் பயந்தேன். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்து அவளை வளர்த்த நான்!

கொடுமை என்ன தெரியுமா? அந்தத் தோட்டத்தில் அவள் சொல்தான் எனக்குச் சட்டம். வாழையடியில் முளைக்கும் குட்டிகளில் எந்தக் குட்டியை விடுவது, எதை வெட்டுவது என்று அவளைக் கேட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்குவேன். அவள் விடச்சொன்ன குட்டி நல்ல குலை தள்ளும். வாழைக்குட்டிக்கு அவளைக் கேட்ட நான், அவளுடைய படிப்புக்குக் கேட்கவில்லை.

எழுத விடும் மூன்று தடவையும் உயர்தரச் சோதனை எழுதினாள். மருத்துவம் கிடைக்கவில்லை. என்னை ஒரு சொல் குறைகூறவில்லை. தோட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தாயில்லாத வீட்டில் நாங்கள் இருவர்... சாப்பிடும்போது சோற்றுக் கோப்பைகளின் சத்தம்தான் கேட்கும்.

நேற்றுக் காலை குட்டி வெட்டப் புறப்பட்டவன், வாசற் படலையடியில் நின்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இனி என்ன செய்ய விருப்பம், பிள்ளை?"

"என்னையோ கேக்கிறியள்?"

"ஓம். உன்னைத்தான்."

முற்றத்திலிருந்து படலையடிக்கு வந்தாள்.

"எனக்குத் தெரியேல்லை, அப்பா. நீங்களே சொல்லுங்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையிலேயே என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். அன்று அவளை முந்திக்கொண்டு அதிபருக்கு மறுமொழி சொன்னவன், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைக் கடந்தேன்.

தோட்டத்துக்குப் போனேன். வாழைகளுக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றேன். எதை விடுவது, எதை வெட்டுவது... கேட்க ஆளில்லை.

ஒன்றையும் வெட்டாமல் திரும்பி வந்தேன். அவள் இன்னும் படலையடியிலேயே நின்றாள்.