பிரான்க்ளின் வாசித்த நாலு நிமிஷம்

மலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட வருஷம், அங்கே பிறந்து வளர்ந்த இரண்டு பேர் ராக் இசைக்குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். கிட்டார் வாசித்துப் பாடியவன் தேவன். டிரம்ஸ், பிரான்க்ளின். இருவருக்கும் பத்தொன்பது வயது. குழுவுக்கு லாலான் என்று பெயர் வைத்தது தேவன்தான். கொளுத்திவிட்டாலும் அடுத்த மழைக்கு முளைத்து நிற்கிற புல் அது. முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பெயர் மேடையில் இருக்கிறது.

முதலில் அது வெறும் இரைச்சல்தான். மலாக்கா ஹோட்டலில் வாசித்த ஒரு குழு கழித்துப் போட்ட டிரம்ஸை பிரான்க்ளின் வேறு தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கொண்டுவந்து சேர்த்தான். பகலில் அந்த லோரியை ஓட்டுவதுதான் அவன் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் தோட்டத்து ஸ்டோரில் அவன் அடிக்கிற அடியில் தகரக் கூரை அதிரும். அவன் முகம் அங்கே மாறிவிடும். வீட்டில் பேசவே யோசிக்கிறவன், ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் ஊரையே திட்டுகிறவன் மாதிரி அடிப்பான்.

தொண்ணூற்றைந்தில் அங்கமுத்து வந்தார். உருமிக்காரர், இவர்களைவிடப் பத்து வயது மூத்தவர். உருமியும் டிரம்ஸும் எதிரும் புதிருமாக நின்று மோதிய அந்தச் சத்தம்தான் லாலானுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அலோர் காஜா வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் எல்லாம் அவர்கள் கேசட் விற்றது. எட்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு கல்யாண மண்டபங்கள் வந்தன. மண்டபத்துக்கு மெதுவான காதல் பாட்டுதான் வேண்டும். தேவன் கீபோர்ட் வாங்கினான். உருமி வேண்டாம் என்று முடிவாயிற்று.

“நீயே அண்ணன்கிட்ட சொல்லிருடா. உன் பக்கத்துலதானே அவரு நிக்கிறாரு,” என்றான் தேவன்.

பிரான்க்ளின் நேராகச் சொல்லவில்லை. ஜாசின் நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது என்று மட்டும் அங்கமுத்துவுக்குப் போன் போட்டான். மறுநாள் பசாரில் யாரோ, “நேத்து ஏன்ணே வரல? உருமி இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சுலா,” என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அவர் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் வழியில் பார்த்தாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பிரான்க்ளினுக்கு அது உறுத்தவே இல்லை. பாட்டு மாறினால் ஆளும் மாறத்தானே வேண்டும் என்று மனைவி ரோஸிடம் சொன்னான்.

நாற்பத்தெட்டு வயதில் அவனுடைய காது அடைத்துக்கொண்டது. முதலில் சீழ்க்கை அடிப்பதுபோல ஓயாத ஒரு சத்தம். பிறகு பேசுகிறவர்களின் வாயைப் பார்க்க வேண்டியதாயிற்று. கிளினிக்கில் சோதித்த டாக்டர், டிரம்ஸை நிறுத்தாவிட்டால் இருப்பதும் போய்விடும் என்றார். அவன் அதைத் தேவனிடம் மட்டும்தான் சொன்னான்.

தேவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். “வேற யாருகிட்டயும் வாயத் திறக்காதே மச்சான். நான் இருக்கேன். நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்துப் புத்தம்புது எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வந்து இறங்கியது. ரப்பர் தட்டுகள். தட்டினால் வெளியே சத்தம் இருக்காது. ஒயர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும். கூடவே ஒரு பெரிய ஹெட்போன். “இதுல உனக்கு வேணுங்கிற அளவுக்கு வச்சுக்கோ. காதும் கெடாது,” என்றான் தேவன். பிரான்க்ளின் ரெம்பியாவிலிருந்த தன் வீட்டு வாசலிலேயே நின்று அழுதுவிட்டான்.

அதே சமயத்தில் தேவனின் மகன் கவிநேசன் லேப்டாப்போடு குழுவில் சேர்ந்தான். லாலானின் சத்தம் மறுபடியும் மாறியது. பாதி இசை கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. தாளம் துளிகூடப் பிசகவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் வந்து, “அங்கள், மெஷின் மாதிரி அடிக்கிறீங்க!” என்று கை குலுக்கினார்கள். வயது ஏற ஏறக் கை பக்குவப்படுகிறது என்று பிரான்க்ளின் நம்பினான். வீட்டில் கண்ணாடி முன் நின்று முடிக்குச் சாயம் பூசிக்கொண்டான்.

போன வருஷம் தங்கா பத்து என்ற ஊரின் கடற்கரைத் திடலில் ஒரு குடும்ப விழா. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நல்ல வெயில். கடைசிப் பாட்டுக்கு நடுவே பிரான்க்ளின் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். ஹெட்போனுக்குள் இடி இடித்தது. தோள் வலித்தது, விடவில்லை. அன்றைக்கு வாசித்தது போல அவன் எப்போதும் வாசித்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது திடலே சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெறுங்கையை ஆட்டி அவனைப் போல நடித்தார்கள். முன்வரிசை முழுக்க ஹேண்ட்போன்கள் உயர்ந்திருந்தன. கவிநேசன் நின்றுபோன லேப்டாப்பின் மேல் குனிந்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தான். தேவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

பிரான்க்ளின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு தட்டைத் தட்டினான். ஒன்றுமே வரவில்லை. இறங்கி ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. அவன் நாற்காலிக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஹெட்போனுக்கே திரும்பி வந்தது.

“எப்பருந்துடா?” என்று கேட்டான்.

கவிநேசன்தான் பதில் சொன்னான். “இந்த செட் வாங்குனதுலருந்தே அங்கள். வெளிய கேட்டதெல்லாம் லேப்டாப் டிரம்ஸ்தான். நீங்க ஒரு தாளம் அடிப்பீங்க, பாட்டு வேற தாளத்துல போகும். அப்பா சொல்ல வேணாம்னாரு.”

எட்டு வருஷம். எந்த மண்டபத்திலும், எந்த மேடையிலும் அவன் அடித்த ஒரு அடிகூட யாருடைய காதிலும் விழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரோஸிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்; கை நிற்கவில்லை. அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று முகத்தை மட்டும் திருப்பினாள்.

“எனக்குத் தெரியும்ங்க. ஒருநாள் கீழ உக்காந்து பாத்தேன். நீங்க ஸ்டிக்கைக் கீழ போட்டுட்டு எடுத்தீங்க. டிரம்ஸ் நிக்கவே இல்ல.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“அதுக்கு முன்னால வீட்டுல நீங்க எப்படி இருந்தீங்க, ஞாபகம் இருக்கா? சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறிவீங்க. அந்த செட் வந்ததுக்கு அப்புறம்தான் இந்த வீடு அமைதியா இருந்துச்சு. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன்.”

யாரோ அந்த நாலு நிமிஷத்தையும் படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அவன் குலை கொண்டுபோய் இறக்கும் செம்பனை ஆலையில், எடைபோடுகிற பையன்கள் அவனைக் கண்டதும் காற்றில் டிரம்ஸ் அடித்தார்கள்.

பத்தாம் நாள் தேவன் வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்து ரோஸ் கோப்பி கலக்கி வைத்தாள். தேவன் ஒரு வாய் குடித்துவிட்டு, தெளிவாக விளங்கும்படி உதட்டை அசைத்துப் பேசினான்.

“லூபோக் சீனாவுல ஒரு கல்யாணம். நம்மளத்தான் கேக்குறாங்க. அந்த வீடியோல செஞ்ச மாதிரியே செய்யணுமாம். சத்தமில்லாம.”

தேவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“முடியாதுன்னா சொல்லு. டிரம்ஸுக்கு இனி ஆள் தேவையில்ல மச்சான், உனக்கே தெரியும். இது ஒண்ணுதான் இருக்கு.”

ரோஸ் கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிரான்க்ளினுக்குத் தேவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தான். அதைவிடப் பயங்கரமாக எதுவும் தோன்றவில்லை.

“எப்ப நிறுத்தணும்னு கையக் காட்டுவியா?” என்று கேட்டான்.

“காட்ட மாட்டேன்,” என்றான் தேவன். “நீயா கண்ணத் திறக்கிற வரைக்கும் போகணும். அதுலதான் சிரிப்பே இருக்கு.”

கல்யாண மண்டபத்தில் அவன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை. கண்ணை மூடி, தங்கா பத்தில் வாசித்த அதே வாசிப்பை, ஒரு அடி குறையாமல் வாசித்தான். ஹெட்போனுக்குள் அது நன்றாக இருந்தது. இன்னும் நன்றாக வரும் என்றுகூடத் தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று, ஐந்தாயிற்று. அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஏழாவது நிமிஷத்தில் சிரிப்பு ஓய்ந்து ஆட்கள் சாப்பாட்டுப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். தேவன் அடுத்த பாட்டுக்கு மைக்கை எடுத்தான். பின்னால் ரப்பர் தட்டுகளின் மேல் பிரான்க்ளினின் கைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.