தூக்கத்தில் பல் கடிப்பவர்

திருமலையோடு ஒரே அறையில் தங்கியவர்கள் ஒருவர்கூட அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனதில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சண்டை என்று வந்தால் மனிதர்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். இவர்களோ சிரித்த முகத்தோடு வந்தார்கள், சிரித்த முகத்தோடே பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் செல்லம்மாள் வாடகைக்கு விடும் மாடி அறைகளில் கடைசி அறை திருமலையுடையது. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போன வீடுகளில் முதலில் வேலை பர்மனென்டா என்று கேட்டார்கள். பர்மனென்ட் ஆனபிறகு போனபோது வயதைக் கேட்டார்கள். அத்தோடு அந்தப் பேச்சை அவரும் விட்டார், ஊரும் விட்டது.

அறை நான்கு பேருக்கானது. முதலில் ஐயனார் போனார். சுங்குவார்சத்திரத்தில் அத்தை வீடு இருக்கிறதாம், வீட்டுச் சாப்பாடு கிடைக்குமாம். அடுத்து செந்தமிழன். இங்கிருந்து கம்பெனி பஸ் நிற்கிற இடம் தூரம் என்றான், சரி. ஆனால் அவன் போய் அறை பிடித்த தெரு அதைவிடத் தூரம். கடைசியாக ஜெபகுமார். பக்கத்துக் கம்பெனியில் வெல்டிங் லைனில் வேலை, திருமலையை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, போகத்தான் வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு ரொம்ப நாள் முன்னாலேயே சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு பார்த்து, தன்னந்தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டானே, அதற்கு என்ன அர்த்தம்? அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் முழுசாக இரண்டு மாதம் தங்கவில்லை.

திருமலை தன்னைத்தானே சோதனை போட்டுப் பார்த்தார். சாக்ஸை வெளியே கொடியில் போட்டார். கருவாடு வறுப்பதை விட்டார். ஊரிலிருந்து தங்கை போன் செய்தால் மாடிப்படியில் நின்று பேசினார். அலாரத்தை நிறுத்திவிட்டு, தானாகவே எழுந்திருக்கப் பழகினார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: என்னிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அது மற்றவர்களுக்கு ஆகவில்லை. என்ன அது என்று யாரையாவது பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தார்.

பயந்து பயந்தே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. பிரஸ் ஷாப்பில் இடி இடிக்கிற சத்தம், அங்கே பேச்சுக்கு இடமில்லை, கை ஜாடைதான். பஸ்ஸில் எல்லாரும் தூக்கம். அறைக்கு வந்தால் சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய்க் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, வாங்க ஒன்றுமில்லாமல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புவார். சில நாள் பழக்காரரிடம் பேசும்போதுதான், காலையிலிருந்து தன் குரலையே தான் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

இப்படியிருக்கையில் ஒருநாள் கம்பெனி கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிடும்போது கடைவாயில் மளுக்கென்று ஒரு சத்தம். துப்பிப் பார்த்தால் பல்லின் ஒரு மூலை பெயர்ந்து கையில் கிடந்தது. கல் என்று கேன்டீன்காரரைத் திட்டினார். சாதத்தைத் துழாவிக் கல்லைத் தேடினார்கள், அகப்படவில்லை. அதற்காகத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? மற்றப் பக்கமாக மென்றே சில வாரம் ஒப்பேற்றினார். கடித்து விடும்போது சுரீர் என்றது, பச்சைத் தண்ணீர் பட்டால் காது வரை இழுத்தது. வேறு வழியில்லாமல் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பல் டாக்டர் ஸுப்ரஜாவிடம் போய் வாயைத் திறந்தார்.

டாக்டருக்கு வயது குறைவு, நிதானம் ஜாஸ்தி. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு மேல பழி போடாதீங்க. இது ரொம்ப நாளாவே விரிசல் விட்டிருந்த பல்லு. தயிர்சாதமே போதும் உடையறதுக்கு. உடைஞ்சது ஒண்ணுதான், ஆனா இங்க பாருங்க, இந்தப் பல்லுலயும் கோடு இருக்கு, அதுலயும் இருக்கு. எல்லாம் மேல தட்டையா தேஞ்சு போயிருக்கு." கண்ணாடியைக் காட்டினார். "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"தெரியலிங்களே."

"உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும். வீட்டுல யாரும் சொன்னதில்லையா?"

"வூட்ல நான் மட்டும்தாங்க."

"முன்னாடி யாராவது கூட தங்கியிருந்தா கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உடைந்த பல்லை இழைத்துக் கட்டினார். அதன்மேல் கேப் போட வேண்டும், தூங்கும்போது பல்வரிசைமேல் உறை மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு கார்டு செய்துதருகிறேன், அது இல்லாவிட்டால் மற்றப் பற்களும் இதே வழிக்குத்தான் போகும் என்று மாவு மாதிரி ஒன்றை வாயில் வைத்து அளவெடுத்தார். பல்லால் பாக்கெட் கிழிப்பது, பாட்டில் மூடி திறப்பது எல்லாவற்றுக்கும் அன்றோடு தடை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் திருமலைக்கு அந்த ஞாபகம் வந்தது. பிரஸ் ஷாப்பில் காதில் செருகிக்கொள்ளக் கொடுக்கும் ஆரஞ்சு நிற இயர் பிளக். ஜெபகுமார் வந்த புதிதில், "உங்க கம்பெனில குடுக்கறது நல்லா கீதுண்ணே, எனக்கு ரெண்டு ஜோடி எடுத்தாங்க" என்று கேட்பான். இவரும் ஆசையாகக் கொண்டுவந்து கொடுப்பார். மூன்று பேரும் அதைச் செருகிக்கொண்டுதான் படுப்பார்கள். ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிச் சத்தத்துக்காக என்று இவர் நினைத்திருந்தார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சிரிப்பு வந்தது. ஒருவேளை அவர்களை விரட்டியது நான் இல்லையோ, என் பல்தானோ. இத்தனை வருஷத்தில் அவர் மனம் இப்படிக் குதித்ததில்லை. கூடவே ஒரு பயம். காரணம் பல் இல்லை என்று ஜெபகுமார் சொல்லிவிட்டால்? அறைக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார்.

"ஜெபா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் தூக்கத்துல பல்லு கடிப்பனா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஆமாண்ணே."

"எப்டி கடிப்பேன்?"

"தரைல பீரோவ இழுத்தா எப்டி இருக்கும், அப்டி. ஐயனாருக்கு உடம்பு கூசும். பாய எடுத்துக்கினு மொட்ட மாடிக்குப் பூடுவாரு."

"இத்தினி வருசமா ஏன்டா சொல்லல?"

"எப்டிண்ணே சொல்றது? எங்களுக்கு ரசம் வெச்சு மூடி வெச்சிட்டு படுக்கறவரு நீங்க. காலைல உங்க மூஞ்சப் பாத்தா வாய் வர்ல. நீ சொல்லு, நீ சொல்லுன்னு ஒருத்தன் மேல ஒருத்தன் தள்ளிக்கினே இருந்தோம். அப்பறம் பாத்தா, சொல்றத வுட காலி பண்ணிக்கினு போறதே சுளுவா இருந்துச்சு."

திருமலை போனை வைத்துவிட்டார். இந்த மரியாதை இருக்கிறதே, இதைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் கொட்ட வேண்டும். எழுப்பி விட்டு, யோவ் பல்லைக் கடிக்காதய்யா என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால், அவர் இதே டாக்டரிடம் அப்போதே போயிருப்பார், பல்லும் தப்பியிருக்கும். மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, ஒரு மனிதனைத் தன்னையே வெறுக்கும்படி விட்டுவிட்டுப் போனார்கள். அன்று திருமலை அழுதார். நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதற்கப்புறம் ஜெபகுமார் பல தடவை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை.

கேப் போட்டாயிற்று. கார்டும் வந்தது, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக், மேல்வரிசையில் கச்சிதமாக உட்கார்ந்தது. "பல்லு தேயாது, அது உறுதி. கடிக்கறது உடனே நின்னுடும்னு சொல்ல முடியாது. சத்தம் குறையும், எவ்வளவுன்னு ஆளுக்கு ஆள் மாறும்" என்றார் டாக்டர்.

அந்த வாரமே செல்லம்மாள் படியேறி வந்தார்.

"ஏம்பா திருமல, ஒராளு ரூம் கேட்டுக்கினு கீறாரு. தனியா ரூம் தர முடியாது எனக்கு. உன்னாண்ட வுடட்டுமா? நீ சரின்னா தான்."

சரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் சத்தம் நிற்காமலிருந்தால்? இன்னொருவர் சிரித்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. "ஞாயித்துக்கெழம சொல்றேங்க்கா" என்றார்.

போனில் பதிவு போட்டுவிட்டுத் தூங்கிப் பார்த்தார். எழுந்து கேட்டால் ஃபேன் சத்தமும் லாரியும்தான் கேட்டது, நடுவில் வந்தது பல்லா, கீழ்வீட்டு மோட்டாரா என்று தெரியவில்லை. ஆள்தான் வேண்டும். காதால் கேட்டுச் சொல்ல ஓர் ஆள். அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால், அவர் கோபித்துக்கொண்டிருக்கும் ஒருத்தன்தான் இருந்தான். அவனுக்கே போன் போட்டார்.

"ஜெபா, ஒரு நாள் வந்து எங்கூட தூங்கிட்டுப் போறியா? டாக்டர் வாயில மாட்டிக்க ஒண்ணு குடுத்துக்கீறாங்க, அத மாட்டிக்கினா சத்தம் வருதான்னு பாக்கணும்."

கல்யாணமாகிப் பிரவீனாவோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது. கேட்டுவிட்டு அவருக்கே கூச்சமாயிருந்தது. அவனோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வர்றேண்ணே. பிரவீனாகிட்ட சொல்லிடறேன்."

சனிக்கிழமை காலை இருவரும் நைட் ஷிஃப்ட் முடித்து, ரோட்டோரக் கடையில் இட்லி தின்றுவிட்டு அறைக்கு வந்தார்கள். வெயில் உள்ளே வராமல் ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தது. ஜெபகுமார் பழைய இடத்திலேயே பாயை விரித்தான். தலையைத் திருப்பி இரண்டு காதையும் காட்டினான். "பாத்துக்கோங்க, ஒண்ணும் வெச்சிக்கல. நான் முழிச்சிக்கினு கேக்கறேன், நீங்க தூங்குங்க."

திருமலை கார்டை மாட்டிக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. வருகிற மாதிரி இருந்தாலும், கண்ணசந்தால் கடித்துவிடுவோமோ என்று திடுக்கென்று விழித்துக்கொண்டார். அவன் கேட்பதற்காக இவர் தூங்குவதாகப் பாவனை செய்ய, இவர் தூங்குவதற்காக அவன் அசையாமல் கிடக்க, இரண்டு ஆம்பிளைகள் பட்டப்பகலில் ஒருவருக்காக ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். இரவெல்லாம் வெல்டிங் பிடித்த உடம்பு எத்தனை நேரம் தாங்கும்? கொஞ்ச நேரத்தில் ஜெபகுமார் குறட்டை விட ஆரம்பித்தான்.

திருமலை அவனை எழுப்பவில்லை. ஃபேன் காற்று அவன்மேல் படும்படி தன் பாயை ஓரமாக நகர்த்திக்கொண்டார். குறட்டை ஏறும், இறங்கும், நடுவே நிற்கும். நிற்கும்போது இவருக்குப் பதைக்கும், மறுபடி தொடங்கியதும் நிம்மதியாகும். இந்த அறையில் இன்னோர் உயிர் மூச்சு விடுவதை அவர் மதியம் தாண்டும் வரை கேட்டுக்கொண்டேயிருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷமே வலிக்கவும் செய்தது.

ஜெபகுமார் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். கண்ணைத் துடைத்தான்.

"சத்தமே இல்லண்ணே. நானும் முழிச்சிக்கினே தான் இருந்தேன், ஒரு பொட்டு சத்தம் இல்ல. இனிமே யாரு வேணா உங்ககூட தங்கலாம்."

திருமலை கார்டைக் கழற்றினார்.

"மறுபடியும் அதே வேலையா ஜெபா? நீ தூங்கின. குறட்ட வுட்டுக்கினு தூங்கின. நான் ஒரு பொட்டு கண்ண மூடல."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "எழுப்ப வேண்டியதுதானண்ணே."

"எப்டிடா எழுப்புவேன். ஒராளு மூச்சு வுடுறத கேட்டு எத்தினி நாளாச்சு எனக்கு."

ஜெபகுமாரால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினான். பிரவீனாவுக்குப் போன் செய்து நேரமாகும் என்றான். பிறகு சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "இப்பப் படுங்க. இப்டியே உக்காந்துக்கினு கேக்கறேன். இன்னா கேக்குதோ, அத சொல்றேன்."

இந்தத் தடவை திருமலை எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. விழித்தபோது ஜன்னல் பேப்பரில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. ஜெபகுமார் சுவரோரம் இல்லை. இவர் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே." இழுக்காமல், நேராகப் பார்த்துச் சொன்னான். "முன்ன மாதிரி இல்ல, பாதிகூட இல்ல. ஆனா கேக்குது. ரெண்டு மூணு தபா வந்துச்சு. எழுப்பலாம்னு தோள்ல கைய வெச்சேன், அப்டியே நின்னுடுச்சு. நீங்க எழுந்துக்கக் கூட இல்ல."

"கைய வெச்சதுமே நின்னுடுச்சா?"

"ஆமாண்ணே. ஒவ்வொரு தபாவும் வெச்சேன், நின்னுடுச்சு."

திருமலை கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்தத் தோளுல?" என்று கேட்டார்.

ஜெபகுமார் இடது தோளைத் தொட்டுக் காட்டினான். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினான்.

அவனை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் திருமலை நேரே செல்லம்மாள் வீட்டுக்கு இறங்கிப் போனார். அவர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள வரச் சொல்லுங்கக்கா. ஆனா மொதல்லயே சொல்லிடுங்க, நான் தூக்கத்துல பல்லு கடிப்பேன், சத்தம் வரும். வந்தா எழுந்து போயிட வேணாம்னு சொல்லுங்க. தோள் மேல கொஞ்ச நேரம் கைய வெச்சா போதும், நின்னுடும்."