அம்மாவுக்கு ஒரு மீன்

கடையில் ட்ரவுட் மீனைக் கண்டால் நான் ஏன் வாங்காமல் வருகிறேன் என்று போன கிழமை கேட்டீர்கள். பிள்ளைகள், அதை வாயால் சொல்ல எனக்குச் சரிவராது. எழுதித் தருகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் மாமாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கொட்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் நாலு நாள் கூடாரம் அடித்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். மீன் இல்லாத சோற்றை அவர் சோறு என்று சேர்க்கமாட்டார். அம்மா வரவில்லை. "குளிருக்க போய்ப் படுக்க எனக்கென்ன விசரே?" என்று வீட்டில் நின்றுவிட்டார்.

பகலில் மீன், விடியப்புறத்தில் முயல். அந்த நிலத்துக்காரக் கிழவரிடம் துவக்கு இருந்தது. அவர் சுடுவார், முயல் எந்தப் பக்கம் பாயும் என்று மாமா கையால் காட்டுவார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் மூன்று நாளும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கடைசி நாள் என்னையும் கூட்டிப்போவதாக மாமா சத்தியம் பண்ணியிருந்தார்.

அன்றைக்கு விடியமுதலே சப்பாத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். கிழவர் துவக்கோடு வந்தார். மாமா வாசல் படலையடி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். அங்கே மட்டும்தான் கைத்தொலைபேசி வேலை செய்யும். கிழவரிடம் கையை ஆட்டி, வேண்டாம் என்று காட்டினார்.

"மாமா, நீங்கள் சத்தியம் பண்ணினீங்கள்!"

"ஓம், பண்ணினனான்" என்றார்.

எனக்குச் சொல்லாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில் அம்மாவின் ஐயா, எனக்கு அம்மப்பா, இரவு செத்துப்போயிருந்தார். அங்கிருந்த மூத்த மாமா அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்காமல் எங்களோடு வந்த மாமாவுக்குத்தான் எடுத்துச் சொன்னார். வீட்டில் தனியே நிற்கிற ஒருத்திக்கு அப்படியான செய்தியைச் சொல்லக்கூடாது, பக்கத்தில் ஆள் இருக்கவேணும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து முப்பத்தோராம் நாள் வரைக்கும் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மாமாவுக்கு அப்போது விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டுக்குப் போக ஏலாது. அவரால் செய்யக்கூடியது அந்த ஒன்றுதான்.

மூன்று நாள் பிடித்த மீன், முயல் எல்லாவற்றையும் அப்பா பெட்டியோடு தூக்கிக் கிழவரிடம் கொடுத்தார். நான் நிலத்தில் இருந்து அழுது குழறினேன்.

"வா மருமோன்" என்று மாமா தூண்டிலை என் கையில் தந்தார். "அத்தான் கூடாரம் கழட்டி முடிக்குமட்டும் எறிஞ்சு பார்."

அவர் தூண்டிலைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு எட்ட நின்றார். நாலைந்து தரம் எறிந்திருப்பேன். இழுத்தது! என் வாழ்க்கையில் நானாகப் பிடித்த முதல் மீன், ஒரு ட்ரவுட், என் முழங்கை நீளம், புல்லில் கிடந்து துள்ளியது.

"கழட்டித் தண்ணிக்குள்ள விடு."

"ஏலாது! இது அம்மாவுக்கு."

மாமா அந்த மீனையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"அத்தான், அக்கா இன்னும் கேள்விப்படேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப அவ சாப்பிடலாம்."

"அம்மா என்னத்தைக் கேள்விப்படேல்லை?" என்று கேட்டேன்.

"நீ மீன் பிடிச்சதை" என்றார் அப்பா.

கிழவர் பழைய வாளியொன்றில் ஐஸ் போட்டுத் தந்தார். வழி முழுக்க வாளி என் கால்களுக்கு நடுவில்தான் இருந்தது. எனக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தார்கள். அவர்கள் இருவரும் தேத்தண்ணியோடு நின்றுகொண்டார்கள்.

வீட்டுக்கு வர ஏழு மணி. கோடை என்பதால் தெருவில் இன்னும் வெயில். அப்பா முதலில் உள்ளே போய், தொலைபேசி மேசையடியில் குனிந்து எதையோ செய்துவிட்டு நிமிர்ந்தார். அம்மாவின் கண் முழுக்க வாளியில்.

"இதை ஆர் பிடிச்சது?"

"நான்!"

"அதுதானே பாத்தன். கொப்பர் ஒரு மாதம் நிண்டாலும் குளத்தில கத்துற தவக்கை கூடப் பிடியார்."

வேறு நாளென்றால் அப்பா விடமாட்டார். அன்றைக்கு, "ஓம், அவன்தான் பிடிச்சவன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா மீனை வெட்டி, தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்தார். நாலு சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். "நாங்கள் வழியில சாப்பிட்டிட்டம்" என்றார் அப்பா. பச்சைப் பொய். நான் வாயைத் திறக்க, மாமா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். வழியில் பட்டினி கிடந்ததற்கு அம்மா ஏசப்போகிறார் என்று இருவருக்கும் பயம், அதுதான் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன்.

"இன்னொரு துண்டு எடுமப்பா" என்று அப்பா அம்மாவின் சோற்றில் வைத்தார். "வடிவாச் சாப்பிடும்."

அம்மா விரலைச் சூப்பிக்கொண்டு, "ஐயாட்டைச் சொல்லவேணும். பேரன் மீன் பிடிச்சவன் எண்டால் அந்தாள் ஊரெல்லாம் சொல்லித் திரியும்" என்றார்.

"இப்பவே எடுப்பம்!" என்று நான் தொலைபேசியடிக்கு ஓடினேன். "அம்மா, வயர் கழண்டு கிடக்கு."

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. வயரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தம்பிக்கு முன்னால் இருந்த வெறும் கோப்பையைப் பார்த்தார்.

"நீ மீன் தின்னேல்லை" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மீனில் அரைவாசி இன்னும் கோப்பையில் கிடந்தது.

"அம்மா, மீன் ஆறுது" என்றேன் நான்.