அபயாம்பாள் மாமி வீட்டு மெஷின்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எனக்குக் கதை கட்டத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

1998, நவம்பர். அடையாறு காந்தி நகரில் ஒரு மாடி அறையில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நீரஜா என்கிற நானும், வயரிங் வேலையெல்லாம் பார்க்கிற சைதாப்பேட்டை கதிரேசனும். தனியாக வசிக்கும் வயதானவர்களுக்காக ஒரு மெஷின் செய்திருந்தோம். இடுப்பு உயரம். நாலு சக்கரம், மேலே ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு கை, முன்னால் ஒரு கேமரா. அது மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குள் நடமாடும். நான் அடையாறில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டெலிபோன் லைன் வழியாக அதை ஓட்டுவேன். தண்ணீர் கொண்டுபோகும், மருந்து எடுத்துக் கொடுக்கும். குரல் வராது, படம் மட்டும்தான் வரும். அந்தப் படமும் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். ஒரு படம் முழுசாக வருவதற்குள் ஒரு வாய் காபி ஆறிவிடும்.

மயிலாப்பூர் வீடு அபயாம்பாள் மாமியுடையது. வயது எழுபத்தாறு. கணவர் போய்ப் பத்து வருஷம். ஒரே பிள்ளை பரத்வாஜ் அமெரிக்காவில் இருந்தார். மாமிக்கு ஒருதரம் தலைசுற்றல் வந்ததிலிருந்து, தாம்பரம் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மாமி அழுது, சாப்பிடாமல் இருந்து, ஒரு மாதத் தவணை வாங்கியிருந்தார். அந்த ஒரு மாதம் மெஷின் ஒழுங்காக ஓடினால் மாமி வீட்டிலேயே இருக்கலாம். ஒரு தப்பு நடந்தாலும் இல்லம்தான்.

"நான் செத்தாலும் இந்த ஆத்துலதான் சாவேன். உன் ஆளை ஒழுங்கா ஓட்டு, நீரஜா" என்பார். மெஷினை 'உன் ஆள்' என்றுதான் சொல்வார்.

சரி, வீட்டில் இருக்க ஆசைப்படுகிறவர் ஒத்துழைக்க வேண்டாமா? அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமிக்கு மடி. விடிந்ததும் குளித்து, யாரும் தொடாத புடவையைக் கட்டிக்கொண்டால், சமையலும் பூஜையும் முடியும்வரை எதன்மேலும் படமாட்டார். அவசரத்துக்கு அமுக்கச் சொல்லி ஒரு பட்டனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தோம். "நீங்கள்ளாம் தொட்டது" என்று குளிக்கப் போகும்போதே கழற்றி ஹால் ஆணியில் மாட்டிவிடுவார். சண்டை போட்டேன். அதற்காகப் பட்டனை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். அப்படியே இரண்டு பட்டன்கள் செத்தன.

மெஷினுக்கு மட்டும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியிலிருந்து பழைய பட்டுத் துணி ஒன்றைக் கிழித்து அதன் கையில் சுற்றிக் கட்டினார்.

"பட்டுக்குத் தீட்டு கிடையாதுடி. இப்போ உன் ஆளும் மடி."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு மெஷினைப் பக்கத்தில் சேர்த்தார். காலையில் பூஜை முடிந்ததும், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக அதன் பச்சை பட்டனை அந்தப் பட்டு முனையால் அமுக்குவார். என் மேஜையில் விளக்கு எரியும்.

தவணை முடிய இரண்டே நாள். பரத்வாஜ் விமானம் ஏறிவிட்டார். அன்று விடியற்காலையிலிருந்து அடைமழை. மணி ஒன்பது ஆகியும் விளக்கு எரியவில்லை.

மறுபடியும் ஏதோ மடி வம்பு என்றுதான் நினைத்தேன். வாய்க்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. லைன் போட்டேன். மோடம் கீ...ங் என்று கத்தி அடங்கியது.

முதல் படம். ஹால். ஆள் இல்லை. ஆணியில் பட்டன் தொங்கியது.

மெஷினைச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோனேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. பின்கட்டுப் பக்கம் திருப்பினேன். நீளமான நடை. அதன் கடைசியில் குளியலறைக் கதவு, பாதி திறந்திருந்தது. கதவு வரைக்கும் போனது. உள்ளே போக முன்பக்க பட்டனை அமுக்கினேன்.

அடுத்த படத்தில் கதவு தள்ளிப் போயிருந்தது.

மெஷின் பின்னால் வந்திருந்தது.

"கதிரேசா, ஒயரை மாத்திக் குடுத்துட்டியா?" என்று கத்தினேன்.

"நேத்து நல்லாத்தான் ஓடிச்சி மேடம். நான் இன்னா பண்ணேன்?"

சோதிக்கலாம் என்று பின்பக்க பட்டனை அமுக்கினேன். ஒழுங்காகப் பின்னால் போனது. ஒயர் சரிதான். மறுபடி கதவு வரைக்கும் ஓட்டினேன். போனது. உள்ளே தள்ளினேன். பின்னால் வந்தது. இன்னொரு தரம். அதே கதை. ஒருவர் மேல் ஒருவர் பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்குவோமே, அப்படி ஒரு கை தூரம் ஒதுங்கியது. ஒரு மாத உழைப்பு, கடைசி நேரத்தில் இப்படிக் கழுத்தறுக்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேஜையை ஓங்கிக் குத்தினேன்.

கதிரேசனை வண்டியில் மயிலாப்பூருக்கு விரட்டினேன். மழையில் நனைந்துகொண்டே போனான்.

அறையில் நான் மட்டும். மோடம் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷமாக அதே கதவுதான் திரும்பத் திரும்ப இறங்கியது.

அடுத்த படம் இறங்கத் தொடங்கியது. சுவர்... கதவு நிலை... பிறகு ஒரு புடவை.

அரக்குப் புடவை. மடிசார். நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அப்பாடா என்று மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நன்றாகத்தானே நிற்கிறார்? ஒரு பட்டனை அமுக்கினால் என்ன குறைந்துவிடும்? கேமரா இடுப்பு உயரம் என்பதால் முகம் தெரியவில்லை. படம் கீழே இறங்கியது. முழங்கால்... கணுக்கால்... பாதம்.

கால் விரல்களில் மெட்டி.

இரண்டு காலிலும் வெள்ளி மெட்டி.

மாமி மெட்டியைக் கழற்றிப் பத்து வருஷம் ஆகிறது.

அடுத்த படம் வந்தது. புடவை இன்னும் கிட்டத்தில் இருந்தது. நான் எந்த பட்டனையும் தொடவில்லை.

அதற்கடுத்த படத்தில் திரை முழுக்க அரக்கு. வேறொன்றும் இல்லை. முந்தானை நுனியில் தண்ணீர்ச் சொட்டு.

டிரிங்...

இன்னொரு போன் அடித்தது. எடுத்தேன். கதிரேசன்.

"மேடம், பக்கத்து வூட்டு ஜலஜாம்மா போன்லர்ந்து பேசுறேன். மாமி பாத்ரூம்ல வுழுந்து கெடக்குறாங்க. உசிரு கீது. ஆம்புலன்ஸ்க்கு சொல்லிட்டேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. முன்கதவு உள்ளார தாப்பா. நானே சொவுரு ஏறித்தான் குதிச்சேன்."

"அரக்குப் புடவை கட்டிண்டு ஒருத்தர்..."

"இல்ல மேடம். மாமி நீலப் பொடவை. அதுவும் காய்ஞ்சிதான் கீது. குளிக்கவே இல்ல போல."

"மெஷின்?"



"சொவுத்தோட ஒட்டிக்கினு நிக்குது. கைல கட்டின பட்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சி கீது மேடம். கூரை எங்கியும் ஒழுகல."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அடுத்த படம் இறங்கியது.

இந்த முறை மேலே சுவர் இல்லை.

தலைமுடி. நரைத்த, ஈரத் தலைமுடி.

யாரோ குனிந்து கேமராவுக்குள் பார்க்கிறார்கள்.

வகிடு.

வகிட்டில் குங்குமம்.

நெற்றி...

புருவம்...

பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

கண் வரைக்கும் நான் வர விடவில்லை.

மாமிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆறு மணி நேரம் வெறும் தரையில் கிடந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் பரத்வாஜ் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிற்கவைத்துக் கத்தினார். "ஒரு வேலைக்காரியை வெச்சிருந்தா அம்மா இப்படிக் கிடந்திருக்க மாட்டா." ஆனால் மாமிக்காகக் கெஞ்சியாவது இன்னொரு மாதம் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். அந்த வீடுதான் அவருக்கு உயிர் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பரத்வாஜ், என்னை அந்த ஹோம்லயே கொண்டு விட்டுடு. ஆத்துக்கு வேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவருக்காகத் தூக்கம் கெட்டு, மடிக்கும் தீட்டுக்கும் மல்லுக்கட்டி, கடைசியில் இப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதா? பரத்வாஜ் மருந்து வாங்கப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாமி இப்படிப் பண்றேள்? ஒரு மாசமா நான் பட்டதெல்லாம் எதுக்கு?"

மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன் ஆள் வந்தது நீரஜா. சக்கரம் உருள்ற சத்தம் கேட்டுது. மூணு தரம் வாசல் வரைக்கும் வந்தது. மூணு தரமும் வெளியில ஒரு குரல், 'தள்ளி நில்லு, தொடாதே'ன்னுது. அது அப்படியே திரும்பிப் போயிடுத்து."

அரக்குப் புடவையைப் பற்றி நான் அவரிடம் மூச்சுகூட விட்டிருக்கவில்லை.

"யார் குரல் மாமி?"

"என் மாமியார்."

அவர் நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம். இதே பாத்ரூம்ல மாமியார் வழுக்கி விழுந்தார். ஆத்துல நாங்க ரெண்டு பேர்தான். நான் அன்னிக்குத் தூரம், மாசத் தீட்டு, பின்கட்டு ரூம்ல தனியா உக்காந்திருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். குளிச்சு மடியா இருந்தார். 'தள்ளி நில்லு, தொடாதே'ன்னு கத்தினார். வாசப்படியிலேயே நின்னுட்டேன்."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"தீட்டோட தெருவுக்கு எப்படிப் போறது? மாமனார் ஆபீஸ்லேர்ந்து வரட்டும்னு நின்னேன்."

"எவ்வளவு நேரம் மாமி?"

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அவர் தொடாதே தொடாதேன்னு சொல்லிண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல, தொடுடி, தூக்குடின்னு கெஞ்ச ஆரம்பிச்சார்."

"அப்புறம்?"

"அப்பவும் நான் தொடலை."