விளிக்கப் போகிறவர்

முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைக் கட்டும் முன் நேசபாய் அதற்குள் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியை மடித்து வைக்கிறார். எண்ணெய் படாமல் இருக்க இடையில் ஒரு வெள்ளைத் தாள். "தின்ன பெறகு கை தொடைக்கவாவது அதை எடுப்பான். தொடைக்கும்போ ரெண்டு வரி கண்ணுல படாமலா போவும்?" என்பது அவருடைய நம்பிக்கை. சிறுபயறும் தேங்காயும் எள்ளும் கருப்பட்டிப் பாகில் உருண்டு, மூன்று மூன்றாகக் கூடி, அரிசி மாவில் முங்கி, தேங்காய் எண்ணெயில் பொரிந்து எழும் அந்தப் பலகாரத்தோடு, பாவிகளை ஆண்டவர் அழைக்கிறார் என்ற செய்தியும் குழித்துறையிலிருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் பஸ் ஏறிப் போகிறது.

கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ச்சு, பெண் பார்க்க வருகிற நாள் என்று எதற்கும் அந்தப் பக்கத்தில் நேசபாயின் பலகாரம் வேண்டும். அறுபதைத் தாண்டிவிட்டார். மழையிலும் வெயிலிலும் குடை, இரண்டும் இல்லாத மேகமூட்டத்திலும் குடை. வாசலில் நின்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழக்கம் அவருக்குக் கிடையாது. முதலில் பெயர் கேட்பார். "பேரு தெரியாத ஆளுகிட்ட ஆண்டவரைப் பத்தி என்னத்தச் சொல்ல?" அப்புறம் முட்டுவலி, கிணற்றுத் தண்ணீரின் ருசி, கத்தாரில் இருக்கும் மகன் கடைசியாக எப்போது பேசினான் என்று வரிசையாக விசாரணை நடக்கும். இதெல்லாம் தந்திரம் என்று நினைத்தால் தப்பு. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாவிட்டால் தூக்கம் வராது. கடைசியில், எதிராளி வாய்விட்டுச் சிரிக்கும் சமயத்தில், பையிலிருந்து பிரதி வெளியே வரும்.

பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்குக் கொடுக்க மாட்டார். அப்போதுதான் வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகம் வீங்கி நிற்கிறவளுக்குக் கொடுக்க மாட்டார். வேண்டாம் என்று யாராவது கையை ஆட்டினால் முகம் சுளிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். "கொள்ளாம், நல்லது. பின்ன ஒருநாள் பாப்போம்." அவ்வளவுதான், அடுத்த வீட்டை நோக்கிக் குடை நகர்ந்துவிடும். வாதாடியதாகவோ வருத்தப்பட்டதாகவோ யாரும் சொன்னதில்லை.

குழித்துறையில் நௌஷாதின் பேக்கரி அவருடைய பெரிய வாடிக்கை. நௌஷாத் பொட்டலங்களைப் பிரித்துப் பலகாரத்தைக் கண்ணாடி ஜாடியில் போடுகிறவன். ஆகவே பிரதிகள் முழுவதும் அவன் கையில் தங்கிவிடும். அவற்றை ரப்பர் பேண்டு போட்டு, கசங்காமல், அடுத்த முறை திருப்பித் தருவான்.

"மாமி, உங்க பேப்பரு."

"வச்சுக்க மக்கா. உனக்குத்தான்."

"இந்தப் படம் போட்டது என்கிட்ட உண்டு. புதுசு வந்தா தாங்க."

இப்படிப் பல வருஷமாக நடக்கிறது. ஒருநாள் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மாமி, உங்க ஆண்டவரு உலகம் உண்டாக்கதுக்கு முன்னமே ஆளுகளைத் தெரிஞ்செடுத்து வச்சாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? பின்ன எதுக்கு நீங்க வெயிலுல அலையணும்? நான் அதுல உண்டுன்னா தானா வரமாட்டேனா?"

நேசபாய்க்குக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கல்யாணம் விளிக்கப் போவோம்லா, அது மாதிரிதான். பந்தியில யாரெல்லாம் இருக்கணும்னு வீட்டுக்காரரு மனசுல வச்சிருக்காரு. என்னைப் போய் விளிச்சுட்டு வான்னு அனுப்பினாரு. ஆனா யாரு யாருன்னு என்கிட்ட சொல்லல. சொல்லாத பட்சத்துல நான் என்ன செய்ய? ஒரு வீடு விடாம விளிக்கணும். வருகதும் வராததும் அவருக்க சோலி."

நௌஷாத் தலையைச் சொறிந்தான். "எங்களுக்கும் ஏறக்குறைய அப்பிடித்தான் மாமி. எல்லாம் எழுதி வச்சாச்சுன்னு சொல்லுவாங்க. ஆனாலும் பாங்கு விளிச்சா எழும்பித்தானே ஆகணும்."

படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் விஷயத்தை இருவரும் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அன்று நேசபாய் மிகவும் சந்தோஷமாக வீடு திரும்பினார்.

வீட்டில் அவருடைய கணவர் ராஜையன் இருப்பார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. ஊர்ச் சபையில் மைக் செட் அவர் பொறுப்பு. ஆண்கள் பக்கத்துப் பெஞ்சு வரிசையில், சுவரோரம், ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம். எந்தப் போதகருக்கு எந்த இடத்தில் தொண்டை ஏறும், யார் ஜெபிக்கும்போது மைக்கை விழுங்குவது போல நெருங்குவார், எந்தப் பாட்டின் எந்த அடியில் செட் கூவும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கையைத் திருகிலேயே வைத்திருப்பார். கூவல் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் அது அடங்கிவிடும். ஊழியத்தைப் பற்றி யாராவது புகழ்ந்தால், "எங்க வீட்டு ஆளும் சும்மா இல்ல, ஒலி ஊழியம்" என்று நேசபாய் அவரையும் சேர்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் லெந்து தவ நாட்களுக்கு முன்னால் குவைத்தில் இருக்கும் ஒருவர் சபைக்குப் புது ஒலிபெருக்கி செட் வாங்கிக் கொடுத்தார். சத்தத்தை அதுவே கூட்டும், அதுவே குறைக்கும், கூவவே கூவாது. ராஜையனுக்கு சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் மட்டுமே மிச்சம். கை சும்மா இருந்ததால் காது வேலை செய்யத் தொடங்கியது. அந்த வாரம் போதகர் பேசியது, தேவன் தம்முடையவர்களை முன்னமே தெரிந்தெடுத்திருக்கிறார் என்பதைப் பற்றி. ராஜையன் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு பிரசங்கத்தைக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மத்தியானம் நேசபாய் அடுப்பின் முன்னால் இருந்தார். ராஜையன் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"நேசம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அந்தத் தெரிஞ்செடுத்த ஆளுகள்ல நான் உண்டா?"

நேசபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கேள்விதான். உங்க பாட்டாக்க அப்பன் காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கின குடும்பம். போதாதா?"

"அது அவருக்க காரியம்லா. நான் என்னைப் பத்திக் கேக்கேன்."

திரும்பிப் பார்த்தார். ராஜையன் விளையாடவில்லை. ஒரு ஃபியூஸ் எங்கே போயிருக்கிறது என்று தேடுகிற முகத்தோடு நின்றார்.

"நான் நம்பினதும் இல்ல, நம்பாம இருந்ததும் இல்ல. சர்ச்சுக்குப் போனேன், ஒயரு மாட்டினேன், வந்தேன். சத்தம் தெளிவாட்டு கேக்குதான்னு பாத்தேன். என்ன சொல்லுகாங்கன்னு பாக்கல. யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல." கதவு நிலையிலிருந்து நிமிர்ந்தார். "நீ ஊருல உள்ள எல்லாருக்கும் பேப்பரு குடுக்க. எனக்கு ஒண்ணும் தந்ததில்ல."

குறையாகச் சொல்லவில்லை. இப்படி ஒன்று நடந்திருக்கிறதே என்ற வியப்பு மட்டுந்தான் அவர் குரலில் இருந்தது. சட்டியில் கிடந்த முந்திரிக்கொத்து கருகிப் போயிற்று.

அன்றிலிருந்து நேசபாய்க்கு வெப்ராளம். மனுஷிக்குச் சோறு இறங்கவில்லை. யாரை என்று ஆண்டவர் சொல்லவில்லை என்பது ஊராருக்குக் கொண்டுபோனபோது எவ்வளவு லேசாக இருந்தது! வருவதும் வராததும் அவருடைய வேலை என்று சொல்லிக் குடையை விரித்துவிடலாம். இப்போது அதே வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இவர் அதில் இல்லை என்றால்? நாற்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகிய மனிதர் அந்தப் பந்தியில் இல்லை என்றால், தனக்கு மட்டும் அங்கே என்ன இலை வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக ஆண்டவர் கோபிப்பாரோ என்றும் பயந்தார். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

தெரிந்த வழியில்தான் தொடங்கினார். காலைக் காப்பி கிளாசுக்கு அடியில் ஒரு பிரதியை வைத்தார். ராஜையன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"அச்சு கொள்ளாம். ஆனா வேற யாருக்கோ எழுதின மாதிரி இருக்கு."

பின்ன ஒருநாள் பார்ப்போம் என்று நகர்ந்துவிட இங்கே அடுத்த வீடு கிடையாது.

திங்கட்கிழமை நௌஷாதின் கடைக்குப் போனவர் பொட்டலங்களை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன மாமி என்று அவன் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். முந்தானையால் துடைத்தும் நிற்கவில்லை. நௌஷாத் தேநீரை முன்னால் வைத்துவிட்டு, அவர் குடிக்கும்வரை பொறுத்திருந்தான்.

"மாமி, ஒண்ணு கேட்டா பிணங்கப்பிடாது."

"கேளு மக்கா."

"எனக்கும் இத்தனை வருஷமாட்டு பேப்பரு தாறீங்க. நான் வரலன்னு ஒருநாளாவது இப்பிடிக் கரைஞ்சதுண்டா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான். பாதியிலேயே அவனுக்கும் பதிலைத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது போல, துணியால் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தான்.

நேசபாய் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை. "இல்ல மக்கா" என்றார். வெட்கமாக இருந்தது. இத்தனை வீடு ஏறி இறங்கியும் ஒரு வீட்டுக்காகவும் தனக்குச் சோறு இறங்காமல் போனதில்லையே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். தேங்காப்பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பொட்டலங்கள் அன்று பையிலேயே இருந்தன.

வீட்டுக்கு வந்து ராஜையனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக விசாரணையில் தொடங்குகிறவருக்கு இவரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. பெயர் தெரியும், முட்டுவலி தெரியும், குழம்பில் எவ்வளவு புளி வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். கடைசியில் ஒரு கேள்வி கிடைத்தது.

"கம்பத்துல ஏறும்போ என்னைக்காவது பயந்ததுண்டா?"

ராஜையன் ஆச்சரியத்தோடு பார்த்தார். இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ஓகி புயல் அடிச்ச பெறகு ஒருநாள். ரப்பர் மரம் எல்லாம் ஒயரு மேல கெடக்கு. மேல இருக்கும்போ கம்பம் ஆடிச்சு. போச்சுன்னு நெனச்சேன். ஜெபிக்கணும்னு தோணிச்சு. யாருகிட்டன்னு ஒரு நிச்சயம் வரல. கண்ணை மூடிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

"என்கிட்ட சொல்லலியே?"

"நீ அன்னைக்கு வீடு விழுந்தவங்களுக்கு ஜெபிக்கப் போயிருந்த."

நேசபாயிடம் அதற்கு ஏற்ற வசனம் நிறைய இருந்தது. அன்றைக்கு "பெறகு?" என்று மட்டும் கேட்டார். ராஜையன் அதிகம் பேசினார், நேசபாய் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டுமே அந்த வீட்டுக்குப் புதிது.

பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ராஜையன் சொன்னார்.

"இன்னைக்கு நான் பீடத்துக்கு வரல."

"ஐயோ, ஆளுக என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நிச்சயம் இல்லாம கை நீட்டுகது கள்ளத்தனம்லா. இத்தனை நாளும் தெரியாம நீட்டிட்டேன். இனி முடியாது."

நேசபாய் சேலை மடிப்பைப் பாதியில் நிறுத்தினார். ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறவள் வீட்டைப் பாரேன் என்று பேச்சு எழும். அது அவருக்குத் தெரியும். அதைவிட, இப்படி நிஜமாகப் பேசுகிற மனிதரை ஆண்டவர் எப்படித்தான் விட்டுவிடுவார் என்ற எண்ணமும் வந்தது. அது விசுவாசமா, மனைவியின் பாசமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே சிவப்புக் கம்பளம் விரித்த வழி. கல்யாணப் பெண்ணைத் தவிர வேறு பெண் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. பாடகர் குழு பாட, பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்தை நோக்கி வரிசை நகர்ந்தது. ராஜையனுடைய பெஞ்சில் இருந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். ராஜையன் தலையை அசைத்தார். பெஞ்சு காலியாயிற்று. திருகத் தேவையில்லாத அந்த செட்டைப் பார்த்தபடி அவர் தனியே இருந்தார்.

பெண்கள் வரிசையில் தலைகள் திரும்பின. குசுகுசு என்று பேச்சும் கேட்டது. நேசபாய் ஏறக்குறையப் பீடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். திடப்படுத்தல் எடுத்து முதல்முதலாக அந்தப் பந்தியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை, பிரசவம் கழிந்த மாதத்தைத் தவிர. வலது உள்ளங்கையை இடது உள்ளங்கைமேல் வைத்துத் தயாராக நின்றார். முன்னால் நின்ற பெண் முழங்காலிட்டாள்.

அந்த நேரத்தில் நேசபாய் வரிசையை விட்டு விலகினார். கம்பளத்தைக் குறுக்கே கடந்து ஆண்கள் பக்கத்துக்குப் போனார். பாட்டின் சுருதி ஒருகணம் தடுமாறியது. சுவரோரப் பெஞ்சின் அருகே போய் நின்றார்.

"கொஞ்சம் நீங்கி இருங்க."

ராஜையன் நிமிர்ந்தார். "நீ போகலியா?"

"நீங்கி இருங்கன்னா."

அவர் தரையில் கிடந்த ஒயரைக் காலால் ஒதுக்கி இடம் விட்டார். நேசபாய் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.