பஸ்ஸை மறித்துக் கொடுத்த பாற்சோறு

இன்று டென்மார்க்கில், ஓல்போர்க் நகர பஸ்ஸில் ஒரு டேனிஷ் பையன் தன் முதுகுப்பைக்கு ஓர் இருக்கை கொடுத்திருந்தான். எடுக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு எடுத்தான்.

எந்த நாடு என்று கேட்டான். சொன்னதும் முகம் மலர்ந்தது. போன கிழமைதான் இலங்கையிலிருந்து திரும்பினானாம். மலை ஏறினானாம், கடற்கரையில் கூடாரம் அடித்துப் படுத்தானாம்.

கமராவில் படங்கள் காட்டினான். அழகான படங்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு படத்தில் தெருவில் நின்று பாற்சோறு சாப்பிடுகிறான். சுற்றிலும் தேசியக் கொடிகள், வெடிப்புகை.

"பஸ்ஸை மறித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். என்ன பண்டிகை அது?"

முன் இருக்கையில் இருந்த மலர் திரும்பினாள். என்னோடு சேர்ச்சுக்கு வருகிறவள். "அன்ரி, விடுங்கோ. உந்தப் பெடியனுக்கு என்ன தெரியும்?"

கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்த என் தங்கையிடமிருந்து சித்திரைக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. முகாமில் இருக்கிறாளா, உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது.

ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நான் படித்த கொன்வென்ட்டில் பழக்காத பழக்கம். "பண்டிகை இல்லை. போர் முடிந்ததற்குக் கொடுத்தது" என்றேன்.

"அப்படியென்றால் உங்களுக்கும் பெரிய சந்தோஷமாக இருக்குமே!"

"ஓம், நான் விடச் சொன்னனான். இனி நீங்களே பதில் சொல்லுங்கோ அன்ரி" என்றாள் மலர்.

மணியை அடித்து, ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் டேனிஷ் நன்றாகத் தெரிந்தவர்கள், அவனை மறுபடி பஸ்ஸில் கண்டால் சொல்ல ஒரு மரியாதையான பதில் எழுதித் தாருங்கள். மரியாதையில் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.